ரசாயனம் எதற்கு?

தல்லாகுளம் பெருமாள் கோயில் வாசலில் சென்ற சனிக்கிழமை எங்கள் தெரு அக்கா ஒருவரைப் பார்த்தேன். கையில் துளசி, கண்ணில் நீர். மகள் இன்ஜினீயரிங் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது. முதல் பரீட்சையில் கணக்கும் ரசாயனமும் போய்விட்டன.

"கம்ப்யூட்டர் படிக்கத்தானே போனாள்? ரசாயனம் எதற்குங்க? பேசாமல் நிறுத்தி பி.காம்.மில் சேர்த்துவிடட்டுமா?" என்றார்.

உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு எழுந்திருக்கலாம். ஆகவே அவரிடம் சொன்னதை உங்களிடமும் சொல்லிவிடுகிறேன்.

வீடு கட்டுகிறவர் முதலில் வானம் தோண்டுகிறார். கிருகப்பிரவேசத்தன்று அந்த அஸ்திவாரத்தை யார் எட்டிப் பார்க்கிறார்கள்? முதல் வருஷப் பாடங்களும் அப்படித்தான். 1794-ல் பாரிஸில் ஒரு பொறியியல் பள்ளி தொடங்கினார்கள். பாலம் கட்டப் போகிறவரும் கோட்டை கட்டப் போகிறவரும் அங்கே முதலில் கணிதம், பௌதிகம், ரசாயனம், வரைபடம் எல்லாவற்றையும் ஒன்றாகவே படித்தார்கள். அதே 1794-ல் சென்னையில் தொடங்கிய நில அளவைப் பள்ளிதான் பிற்பாடு கிண்டிப் பொறியியல் கல்லூரியாக வளர்ந்தது. நம் திருப்பரங்குன்றத்தில் தியாகராசர் பொறியியல் கல்லூரி வந்தது 1957-ல். கல்லூரிகள் பெருகின, பாடங்களும் மாறின. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021-ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தில் பைதான் என்ற கணினி மொழிகூட முதல் அரையாண்டிலேயே வந்துவிட்டது. ஆனாலும் கணக்கும் ரசாயனமும் அங்கேயே இருந்தன.

ஏன்? உங்கள் வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அந்த உப்பை எப்படி நீக்குவது என்பது அந்த ரசாயனத்தில் ஒரு பகுதி. கைபேசிக்கு உயிர் கொடுக்கும் பாட்டரி இன்னொரு பகுதி. கணக்கில் 'அணிகள்' என்று வருகிறது. எண்களை வரிசை வரிசையாக அடுக்கிய கட்டம் அது. கைபேசியில் நீங்கள் பார்த்து மகிழும் பேரன் படம், கம்ப்யூட்டருக்கு அப்படி ஓர் எண் கட்டம்தான்!

பேசப் பேச உண்மை வெளியே வந்தது. அந்தப் பெண் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்தவள். கல்லூரியில் எல்லாம் ஆங்கிலம். எழுந்து சந்தேகம் கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு ஆறு மாதம் வாயை மூடிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள். கணக்கு அவளுக்குப் புதிதல்ல, வார்த்தைதான் புதிது.

"தோற்ற பாடத்தை அடுத்த தடவை எழுதலாம், அக்கா. படிப்பை நிறுத்தாதீர்கள். பள்ளிக்கூடத்துத் தமிழ்ப் புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, ஆங்கில வார்த்தைக்கு நேரே தமிழ் வார்த்தையை எழுதச் சொல்லுங்கள். தினம் பத்து வார்த்தை போதும்" என்றேன்.

அக்கா திடுக்கிட்டார். "ஐயையோ, அந்தப் புத்தகங்களைப் பழைய பேப்பர்காரருக்கென்று கட்டி வாசலில் வைத்திருக்கிறேனே!"

பிரசாதம்கூட வாங்காமல் வீட்டுக்கு ஓடினார். புத்தகங்கள் தப்பிவிட்டன என்று மறுநாள் சேதி வந்தது.