தள்ளிப்போட முடியாத நேரம்

பணி ஓய்வு பெற்றவர்களும், வேலைக்குப் போய்க்கொண்டே பிள்ளை வளர்ப்பவர்களும் ஒரே கூரையின்கீழ் வாழும் வீடுகளில் ஓயாமல் நடக்கும் வழக்கு ஒன்று உண்டு. ‘சும்மாதானே இருக்கீங்க, பேங்க்குக்கு ஒரு நடை போயிட்டு வந்துடுங்கப்பா’ என்கிறது ஒரு தரப்பு. ‘ஆபீஸ் போன காலத்துலகூட நான் இவ்வளவு அலைஞ்சதில்ல’ என்கிறது மறு தரப்பு. இரண்டு தரப்புமே பொய் சொல்லவில்லை. ஆனால், இரண்டுமே தவறான அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு வாதாடுகின்றன. ஒரு நாளில் எத்தனை மணி நேரம் வேலையில் கழிகிறது என்ற கணக்கால் இந்த வழக்கு தீராது. முன்னால் கிடக்கும் வேலையை ஒருவரால் தள்ளிப்போட முடியுமா, அதை முடிவு செய்யும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால், பிரிவினைக் கோடு நாம் நினைப்பதுபோல முதியவர்களுக்கும் இளையவர்களுக்கும் நடுவில் மட்டும் ஓடவில்லை என்பது தெரியவரும்.

முதலில் ஓய்வு பெற்றவர்கள்மீதான பழியைப் பார்ப்போம். நார்த்கோட் பார்க்கின்சன் 1955இல் ‘எக்கனாமிஸ்ட்’ இதழில் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, கிடைக்கும் நேரம் எவ்வளவோ அவ்வளவுக்கு வேலை விரியும் என்ற விதியைச் சொன்னது. அவர் குறிவைத்தது அரசு அலுவலகங்களை. ஆனால், அவர் காட்டிய முதல் உதாரணம், உறவுப் பெண்ணுக்கு ஓர் அஞ்சலட்டை எழுதி அனுப்ப ஒரு நாள் முழுவதையும் செலவிடும் மூதாட்டி. கண்ணாடியைத் தேடி, முகவரியைத் தேடி, குடை எடுத்துப் போகலாமா என்று யோசித்து அவருடைய நாள் கழிகிறது. வேலை மிகுந்தவர் அதை மூன்றே நிமிடத்தில் முடித்துவிடுவாராம். முதியவர்களின் அலுப்பை நாம் இன்றும் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறோம். அமெரிக்க முதுமையியல் ஆய்வாளர் டேவிட் எக்கர்ட் 1986இல் இதையே வேறு கோணத்திலிருந்து அணுகினார். உழைப்பைக் கொண்டே மனிதரை மதிக்கும் சமூகத்தில், ஓய்வு பெற்றவர் தன் ஓய்வுக்கு ஒரு நியாயம் காட்ட வேண்டியிருக்கிறது. ‘நானும் வேலையாகத்தான் இருக்கிறேன்’ என்று சொல்வது அந்த நியாயம் என்றார். எக்கர்ட்டின் விளக்கமே எனக்குச் சரியாகப் படுகிறது. தமிழ்நாட்டு அரசு ஊழியரின் ஓய்வு வயது 2020இல் 58இலிருந்து 59 ஆகவும், 2021இல் 60 ஆகவும் உயர்ந்தது. நேற்றுவரை கோப்பில் கையெழுத்திட்ட ஒருவர், மறுநாள் காலையில் எவருக்கும் பதில் சொல்ல வேண்டாத மனிதராகிவிடுகிறார். வேலை போனதோடு தன் தேவையும் போய்விட்டதோ என்ற அச்சம் அவருக்கு வருவது இயல்பு. நாள் முழுக்க வேலை இருப்பதாக அவர் சொல்வதில், இன்னும் என்னை எண்ணிக்கையில் வைத்துக்கொள்ளுங்கள் என்ற வேண்டுகோளும் இருக்கிறது. அதைக் கேலி செய்பவர்கள் தங்கள் முதுமைக்கும் சேர்த்தே குழி வெட்டுகிறார்கள்.

வேலைக்குப் போகும் பெற்றோரின் நிலைமை என்ன என்பதற்கு நம்மிடம் ஓரளவு நல்ல சான்று உண்டு. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இலும் 2024இலும் நாடு தழுவிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பை நடத்தியது. 2024இன் கணக்குப்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதில் நாளொன்றுக்குச் செலவிடுவது சராசரியாக 289 நிமிடம். ஆண்கள் 88 நிமிடம். குடும்பத்தினரைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் 15 முதல் 59 வயது வரையிலான பெண்களில் 41 சதவீதத்தினர் ஈடுபடுகிறார்கள், ஆண்களில் 21.4 சதவீதத்தினர். அந்தப் பெண்கள் நாளில் 140 நிமிடத்தையும், ஆண்கள் 74 நிமிடத்தையும் அதற்குத் தருகிறார்கள். ஐந்தாண்டுகளுக்கு முன்பு வீட்டு வேலைக்குப் பெண்கள் கொடுத்தது 299 நிமிடம், ஆண்கள் கொடுத்தது 97 நிமிடம். அதாவது, வருவாய்க்கான வேலையில் ஈடுபடும் 15 முதல் 59 வயது வரையிலான பெண்களின் பங்கு 21.8 சதவீதத்திலிருந்து 25 சதவீதமாக உயர்ந்த அதே ஐந்தாண்டில், பெண்களின் வீட்டு வேலை பத்து நிமிடம்தான் குறைந்தது. ஆண்களின் பங்களிப்போ கூடுவதற்குப் பதில் ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறது.

இந்த எண்கள் முக்கியமானவை. ஆனால், அவற்றால் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது. கணக்கெடுப்பாளர் முந்தைய நாள் அதிகாலை 4 மணியிலிருந்து 24 மணி நேரத்தை அரை மணி நேரத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் என்ன செய்தீர்கள் என்று கேட்கிறார். செய்ததைக் கேட்கிறார், அதை வேறு நேரத்தில் செய்திருக்க முடியுமா என்று கேட்பதில்லை. அறுபத்தைந்து வயதுக்காரர் காலையில் அரை மணி நேரம் காய்கறிக் கடையில் நின்றாலும், முப்பத்தைந்து வயதுத் தாய் அதே அரை மணி நேரம் அடுப்படியில் நின்றாலும் கணக்கில் இரண்டும் முப்பது நிமிடம்தான். மழை பெய்தால் அவர் காய்கறியை மாலையில் வாங்கிக்கொள்ளலாம். பள்ளி வேன் ஏழே முக்காலுக்குத் தெருமுனைக்கு வந்து போய்விடும். அதற்குள் இட்லி வெந்தாக வேண்டும், டிபன் பாக்ஸ் நிரம்பியாக வேண்டும், பிள்ளையின் ஷூ கிடைத்தாக வேண்டும். அதன்பின் கம்பெனி பஸ். மாலையில் டியூஷன் விடும் நேரம், இரவில் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் வந்து விழும் ‘நாளைக்குச் சார்ட் கொண்டுவரவும்’ என்ற அறிவிப்பு. இவற்றில் ஒன்றின் நேரத்தைக்கூட அந்தப் பெற்றோர் நிர்ணயிக்கவில்லை. நாளின் இரு முனைகளையும் வெவ்வேறு ஆட்கள் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு முனை பிசகினால் சம்பளம் வெட்டு. மறு முனை பிசகினால் பள்ளி வாசலில் தனியாக நிற்கும் பிள்ளை. ஓய்வு பெற்றவரின் நாள் நிரம்பியிருக்கலாம், ஆனால் பெரும்பாலும் அவரே நிரப்பிய நாள். இளைய பெற்றோரின் நாள் பிறர் நிரப்பிக் கையில் கொடுத்தது.

இந்த இடத்தில் முதியவர்கள் சொல்லும் மறுப்பு நியாயமான எடை உள்ளது. ‘நாங்களும் நாலு பிள்ளை பெற்று வளர்த்தோம், அம்மியும் ஆட்டுக்கல்லும் இருந்த காலம் அது, எங்களுக்கு யார் உதவி செய்தார்கள்?’ என்று கேட்கிறார்கள். உண்மைதான். கிணற்றில் நீர் இறைத்து, விறகடுப்பு ஊதி, மாவாட்டிய தலைமுறையின் உடலுழைப்போடு இன்றைய சமையலறையை ஒப்பிடவே முடியாது. ஆனால், கருவிகள் வந்ததால் நேரம் மிச்சமாகிவிடும் என்ற நம்பிக்கை எங்குமே முழுதாகப் பலித்ததில்லை. அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் வெளியிட்ட நூலில் காட்டியது இதைத்தான்: கருவிகள் வந்தபோது, முன்பு ஆண்களும் பிள்ளைகளும் பணியாட்களும் செய்த வேலைகள் ஒழிந்தன, தாயின் வேலை குறையவில்லை, சுத்தத்துக்கும் சமையலுக்குமான எதிர்பார்ப்புகள் உயர்ந்து, மிச்சமான நேரத்தைத் தின்றன. நம் ஊரில் எதிர்பார்ப்பு உயர்ந்தது பிள்ளை வளர்ப்பில். தெருப் பிள்ளைகளோடு சேர்ந்து நடந்தே பள்ளிக்குப் போய், பக்கத்து வீட்டில் சாப்பிட்டு, இருட்டியபின் வீடு திரும்பிய பிள்ளையை வளர்ப்பதும், வேனில் அனுப்பி, டியூஷனுக்குக் கொண்டுபோய்விட்டு, தினம் நோட்டைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டிய பிள்ளையை வளர்ப்பதும் வேறு வேறு வேலைகள். முந்தைய தலைமுறையின் சுமை கனமானது. ஆனால் அதைப் பல தோள்கள் தாங்கின, நேரமும் சற்று நெகிழ்ந்து கொடுத்தது.

இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது. முதியவர்களின் நேரம் அவர்கள் கையில்தான் இருக்கிறது என்று எப்படிச் சொல்ல முடியும்? அரசு மருத்துவமனையில் புறநோயாளிச் சீட்டு வாங்கக் காலையிலேயே வரிசையில் நிற்க வேண்டும். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாதாமாதம் மாத்திரை வாங்க வேண்டும். மத்திய அரசு ஓய்வூதியர் நவம்பர் மாதத்தில் ஆயுள் சான்று கொடுக்க வேண்டும். அதற்கான விரல்ரேகை, தேய்ந்துபோன விரலில் ஒரே முறையில் பதியாது. வங்கிச் செயலி, ஓடிபி, ரேஷன் கடை எந்திரம் என ஒவ்வொன்றும் இளையவருக்கு ஒரு நிமிடம் என்றால் முதியவருக்கு ஒரு காலை. பார்க்கின்சன் காட்டிய மூதாட்டி கண்ணாடி தேடியதும் இந்தக் கணக்கில் சேர்ந்ததே. வயதான உடல் வேலையை நீட்டுகிறது. அதைச் சோம்பல் என்பது அநியாயம். இந்த மறுப்பை நான் முழுமையாக ஏற்கிறேன். ஏற்பதால் என் வாதம் பலவீனமாகவில்லை. மருத்துவமனை வரிசையில் நிற்கும் முதியவர், அந்த நேரத்தில், கம்பெனி பஸ்ஸுக்கு ஓடும் தாயைப் போலவே நேரத்தை இழந்தவர். இருவரின் நேரத்தையும் எடுத்துக்கொள்வது, அவர்கள் வசதியைப் பற்றிக் கவலைப்படாத ஏதோ ஓர் ஏற்பாடு. ஆகவே, வயதைவிடத் தள்ளிப்போட முடியாமையே சரியான அளவுகோல்.

பரபரப்பே ஒரு பெருமை ஆகிவிட்டது, பெற்றோர் தங்கள் ஓட்டத்தை விளம்பரப்படுத்திக்கொள்கிறார்கள் என்பவர்களும் உண்டு. இதற்கும் ஆய்வு ஆதாரம் இருக்கிறது. சில்வியா பெலெட்சாவும் சக ஆய்வாளர்களும் 2017இல் வெளியிட்ட ஆய்வில், எப்போதும் வேலையாக இருப்பவரை அமெரிக்கர்கள் உயர்ந்த அந்தஸ்து உடையவராகக் கருதினார்கள். இத்தாலியர்களோ ஓய்வாக இருப்பவரையே அப்படிக் கருதினார்கள். உயர் சம்பளம் வாங்கும் அலுவலர்கள் விஷயத்தில் இந்த விமர்சனம் பொருந்தலாம். திருப்பூரில் ‘ஒன்றரை ஷிப்ட்’ பார்த்துவிட்டு இரவில் வீடு திரும்பும் தையல் தொழிலாளிக்கு அந்தப் பரபரப்பால் என்ன அந்தஸ்து கிடைக்கிறது? இந்தியாவில் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் பத்தில் நான்குக்கும் மேற்பட்டோர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிப் பேசும்போது பெருமை என்ற விளக்கம் நிற்காது.

பிரிவினைக் கோடு வேறெங்கோ ஓடுகிறது என்று தொடக்கத்தில் சொன்னதற்கு இப்போது வருகிறேன். அறுபது வயதில் ஓய்வு பெறும் ஆணுக்குக் கிடைக்கும் விடுதலை, அதே வயதுப் பெண்ணுக்குக் கிடைப்பதில்லை. ஆசிரியையாகவோ செவிலியராகவோ இருந்து ஓய்வு பெற்றவர் அடுத்த நாளும் அடுப்படியில்தான் நிற்கிறார். மகளோ மருமகளோ வேலைக்குப் போகும் வீட்டில் அவருக்கு இரண்டாவது உத்தியோகம் காத்திருக்கிறது: பேரப்பிள்ளையைக் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, வேனுக்காகத் தெருமுனையில் நிற்பது, காய்ச்சல் என்றால் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்வது. இந்த வேலையில் ஒன்றைக்கூடத் தள்ளிப்போட முடியாது. சம்பளம் கிடையாது, விடுப்பும் கிடையாது. கோவையிலும் சென்னையிலும் நடக்கும் எத்தனையோ இரட்டைச் சம்பளக் குடும்பங்கள், கிராமத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட பாட்டிகளின் நேரத்தின்மேல் நிற்கின்றன. ஓய்வூதியமே இல்லாதவர்களின் கதை இன்னும் கடுமை. அமைப்புசாராத் தொழிலில் இருந்த பெரும்பான்மையினருக்கு ஓய்வு என்ற கட்டமே வாழ்க்கையில் வருவதில்லை. மாநில அரசு தரும் முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்டு முதல் மாதம் 1,200 ரூபாய். அதை வைத்துக்கொண்டு எவரும் உழைப்பை நிறுத்திவிட முடியாது. எனவே, ‘ஓய்வில் இருப்பவர்களுக்கு என்ன வேலை’ என்ற கேள்வி, ஓய்வூதியம் பெறும் ஆண்களை மட்டுமே மனதில் வைத்துக் கேட்கப்படுகிறது.

இப்படிப் பார்த்தால் தீர்வுகளும் வீட்டுக்குள் மட்டும் இல்லை. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. அதைப் பிள்ளைகளின் பசியையும் வருகையையும் வைத்து மட்டுமே மதிப்பிடுகிறோம். கூலி வேலைக்கு விடிகாலையில் கிளம்பும் தாயின் காலை நேரத்திலிருந்து தள்ளிப்போட முடியாத ஒரு வேலையை அது எடுத்துவிட்டது. அதுவும் அதன் சாதனை. எதிர்த்திசையிலும் ஓர் உதாரணம் உண்டு. 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறி, தொழிற்சங்கங்களின் எதிர்ப்பால் மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. வாரத்துக்கு நான்கே நாள் வேலை என்று அதற்கு ஆதரவாகச் சொன்னார்கள். ஆனால், பிள்ளைக்கு வாரத்தில் ஏழு நாளும் மாலை ஆறு மணிக்குப் பசிக்கும். மூன்று நாள் விடுமுறையைச் சேர்த்துக் கொடுத்து அந்த ஆறு மணியை ஈடுகட்ட முடியாது.

குழந்தைகள் காப்பகத்தில்தான் நாம் பெரிய அளவில் தவறுகிறோம். 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் காப்பகம் வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது. 2017இல் மகப்பேறு நலச் சட்டத் திருத்தம், 50 பேர் வேலை செய்யும் எந்த நிறுவனமும் காப்பக வசதி தர வேண்டும் என்றது. தாய் நாளில் நான்கு முறை பிள்ளையைப் பார்த்துவர அனுமதி தந்தது. ஐம்பது பேருக்குக் கீழே உள்ள சிறு பனியன் கம்பெனிகளும் கடைகளும் இதற்குள் வராது. அங்கன்வாடிகளோ பிற்பகலோடு மூடிவிடுகின்றன. ஷிப்ட் முடிவது மாலையில். இடைப்பட்ட அந்தச் சில மணி நேரத்தைத்தான் பாட்டிகள் நிரப்புகிறார்கள். அங்கன்வாடியை ஷிப்ட் முடியும்வரை திறந்துவைத்து, அதற்கான கூடுதல் பணியாளருக்கு ஊதியமும் கொடுத்தால், ஒரே செலவில் இரண்டு தலைமுறையின் நேரமும் அவர்கள் கைக்குத் திரும்பும். பேரப்பிள்ளையோடு இருப்பதைப் பாட்டிகள் விரும்பத்தானே செய்கிறார்கள் என்று கேட்கலாம். விரும்புகிறார்கள். விரும்பிச் செய்யும் வேலையிலும், முட்டிவலி அதிகமான நாளில் ‘இன்று முடியாது’ என்று சொல்ல இடம் வேண்டும். அந்த இடத்தைக் காப்பகம் தரும்.

வீட்டுக்குள் செய்ய வேண்டியது இதைவிட எளிது. அதனாலேயே அதிகம் தட்டிக்கழிக்கப்படுகிறது. அப்பாவை வங்கிக்கு அனுப்பும் முன் இன்று அவருக்கு என்ன வேலை என்று கேட்பது, அம்மாவின் நாளைப் பேரப்பிள்ளையின் அட்டவணையோடு ஒட்டும் முன் அவருடைய சம்மதத்தைப் பெறுவது, மாதத்தில் சில நாள்களாவது அவருக்கு வார விடுமுறைபோல ஒதுக்குவது ஆகியவற்றுக்குப் பணம் தேவையில்லை. ஓய்வு பெற்ற ஆண்களிடமும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. இந்த வீடுகளில் நேரத்தைத் தன் விருப்பப்படி அமைத்துக்கொள்ளும் வாய்ப்பு மற்றவர்களைவிட அவர்களுக்கே அதிகம். காலை ஆறிலிருந்து எட்டு வரையிலான இரண்டு மணி நேரத்தில் காய் நறுக்கவும், பிள்ளைக்குத் தலை வாரவும், வேனுக்குக் கூட்டிப்போகவும் அவர்களால் முடியும்.