அம்மணியம்மாள் கோபுரம்

திருவண்ணாமலைக் கோயிலின் நான்கு பெருங்கோபுரங்களுள் ஒரு மனிதரின் பெயரைத் தாங்கி நிற்பது வடக்குக் கோபுரம் மட்டுமே. 217 அடி இராஜகோபுரத்தைத் தொடங்கிய கிருஷ்ணதேவராயருக்கும் அப்பேறு வாய்க்கவில்லை.

செங்கத்தை அடுத்த சென்னசமுத்திரத்தில் பிறந்த துறவி அம்மணியம்மாள். 18ஆம் நூற்றாண்டில், வீடு வீடாகச் சென்று பொருள் திரட்டி, நின்றுபோயிருந்த இந்த 171 அடிக் கோபுரத்தை அவர் எழுப்பி முடித்தார் என்பது ஊர் வழக்கு. நாமோ, அவர் கூலியாகத் தந்த திருநீறு காசாக மாறியது என்னும் கதையையே விரும்பிச் சொல்கிறோம். அக்கதையில் அவர் நடந்த நடையும், தம்மால் இயன்றதை ஈந்த எளியோரும் மறைந்துபோகின்றனர்.

உள்ளவர் கொடுப்பது மட்டுமன்று கொடை. கையில் ஒன்றுமில்லாத ஒருவர் ஊரைக் கொடுக்க வைப்பதும் கொடையே. நம் மாணவர்களுக்கு நாம் முதலில் சொல்ல வேண்டியது அற்புதத்தை அன்று, அந்த உழைப்பை.