கடல் கடந்த குழம்பு

நமது கலாசாலையின் பழைய மாணாக்கருள் சிலர், அம்பத்தூரிலும் ஆவடியிலும் உத்தியோகம் பார்ப்பவர்கள், மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றாகிய குவாதலூப்பில் உள்ள புவாந்தா பீத்ர் நகருக்கு ஐந்து நாள் பிரயாணம் போகக் கருதினர். தாம் வகுத்த ஜாபிதாவை நம்மிடம் காட்டி அபிப்பிராயமும் கேட்டனர். கடற்கரைக்கு இரண்டு நாள், உணவுச்சாலைகளுக்கு இரண்டு நாள், கடைவீதிக்கு அரை நாள். கடைசியாக, ‘அங்குள்ள தமிழர் கோயில்’ என்பதற்கு ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரமே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

பிரயாணமே வேண்டாவென்பது நம் கருத்தன்று. ஐந்து நாளில் ஒரு தேசத்தை எங்ஙனம் அறிவதென்று நகைப்பாரும் உளர். அவரோடு நாம் சேர்வதற்கில்லை. உற்றார் வீட்டில் ஒரு வேளை உண்டு திரும்புகிறவனும் உறவைப் புதுப்பித்துக்கொண்டே திரும்புகிறான். போவது யார் வீட்டிற்கு என்பதை அறிந்து போதல் வேண்டும். நாம் வற்புறுத்துவது அவ்வளவே.

பிரெஞ்சுக் குடியேற்றங்களில் 1848ஆம் வருஷம் அடிமைத்தனம் ஒழிந்தது. விடுதலை பெற்ற மக்களிற் பலர் கரும்புத் தோட்ட வேலையை வெறுத்து நீங்கவே, தோட்டக்காரர்கள் நம் நாட்டின்மீது கண் வைத்தனர். ‘ஒரேலி’ என்னுங் கப்பல் நம்மவரை ஏற்றிக்கொண்டு 1853இல் மார்த்தினிக்குத் தீவையும், 1854ஆம் வருஷத்துக் கிறிஸ்துமஸ் தறுவாயில் புவாந்தா பீத்ர் துறையையும் அடைந்தது. 1861ஆம் வருஷத்து உடன்படிக்கையால் ஆங்கிலேயர் ஆண்ட பகுதிகளிலும் ஆள் சேர்க்க அநுமதி கிடைத்தது. ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் குவாதலூப்புக்கு மட்டும் ஏறக்குறைய 42,000 பேர் கொண்டுபோகப்பட்டனர். தமிழரல்லாத இந்தியரும் இவர்களுள் உண்டு. எனினும் புதுச்சேரி, காரைக்கால் துறைகளில் ஏறிய தமிழ் மக்கள் மிகப் பலர். அவர்கள் பட்ட துன்பம் பெரிதாதலின், 1888இல் ஆங்கில அரசாங்கமே அத்தீவுக்கு ஆள் அனுப்புவதைத் தடுத்துவிட்டது. ஊர் திரும்பினவர் சிலர். அம்மண்ணில் மடிந்தவர் பலர். எஞ்சியவரின் பேரர்களே இன்று அங்கு வாழ்பவர்.

இவ்வளவும் அறிந்தபின், அங்குள்ள உணவை நோக்குவோம். அத்தீவில் ‘கொலொம்போ’ என்றொரு கறி உண்டு. மஞ்சள், கொத்துமல்லி, சீரகம், கடுகு, வெந்தயம், மிளகு முதலியன அரைத்த பொடியால் ஆட்டிறைச்சியையோ கோழியையோ சமைப்பது அது. நமது ‘குழம்பு’ என்னுஞ் சொல்லே இங்ஙனம் திரிந்ததென்று பலர் கருதுகின்றனர். இன்று அது தமிழ் வழியினர்க்கு மட்டும் உரியதன்று. ஆப்பிரிக்க வழியினரும் பிறரும் தம் தீவின் சிறந்த உணவென்று அதனைக் கொண்டாடுகின்றனர். நகரிலுள்ள சேன் அந்துவான் சந்தையில் அப்பொடி குவியல் குவியலாக விற்கப்படும். பெண்டிரின் பழைய உடைக்கும் தலைக்கட்டுக்கும் ஏற்ற கட்டம் போட்ட துணிக்கு அங்கு ‘மத்ராஸ்’ என்றே பெயர். நம் நகரம் அப்பெயரை 1996இல் களைந்துவிட்டது. அவர்களோ அதனைத் தலைமேல் வைத்திருக்கின்றனர்.

இந்தக் கொலொம்போவை உண்ணும் நம்மவர் முதலிற் சொல்வது யாதாக இருக்கும்? ‘புளி போதாது, நம் வீட்டுக் குழம்புக்கு ஈடாகுமா?’ என்பதே. இங்கேதான் நாம் பிழை செய்கிறோம். ஒன்றரை நூற்றாண்டாக, கிடைத்ததைக் கொண்டு, கேட்பாரற்ற இடத்தில், தாயிடமிருந்து மகளுக்கென வழிவழி வந்த குழம்பு அது. அதற்கு மதிப்பெண் போட நாம் பரீட்சகர் அல்லோம்.

இப்பிழையை நாமே ஒருகால் செய்திருக்கிறோம். சில வருஷங்களுக்கு முன் அத்தீவிலிருந்து வந்த முதியவர் ஒருவரைப் பூவிருந்தவல்லியிலிருந்து திருவேற்காட்டிற்கு அழைத்துச் சென்றோம். வழியில், பிரெஞ்சு அறிந்த நண்பர் வாயிலாக, ‘ஐயா, தமிழ் தெரியுமா?’ என்றோம். ‘தெரியாது’ என்றார். ‘தமிழ் தெரியாமல் தமிழர் என்பது எப்படி?’ என்று நம்முள் ஒருவர் விளையாட்டாகக் கேட்டுவிட்டார். முதியவர் மறுமொழி கூறவில்லை, தலை கவிழ்ந்துகொண்டார். கருமாரியம்மன் கோயில் வாயிலில் கடையொன்றில் மஞ்சட் கிழங்கைக் கையிலெடுத்து, ‘மாஞ்ஜா’ என்றார். உள்ளே அம்மனைக் கண்டதும், எவரும் பெயர் சொல்லுமுன், ‘மாலியெமின்’ என்று கைகூப்பினார். மாரியம்மன் என்பதன் அத்தீவு வழக்கு அது; மதுரைவீரனும் அங்கே ‘மால்தெவிலின்’ ஆகி வணங்கப்படுகிறான். கேட்ட கேள்விக்காக நாம் அன்று நாணினோம்; இன்றும் நாணுகிறோம். பள்ளியும் புத்தகமுமின்றி இவ்வளவு காத்தவரை நோக்கி, இரண்டும் இருந்தும் பலவற்றை இழந்துவரும் நாம் அங்ஙனம் வினவலாமோ?

ஆதலின் நம் நண்பர்களின் ஜாபிதாவை இவ்வாறு திருத்திக் கொடுத்தோம். முதல் நாள், கப்பல் வந்தடைந்த துறைமுகத்தையும் சந்தையையும் காண்க. இரண்டாம் நாள், பழைய சர்க்கரை ஆலையிருந்த இடத்தில் 2015இல் எழுந்த அடிமை வாணிப நினைவகத்திற்குச் செல்க. நம்மவர்க்கு முன் அக்கரும்பை வெட்டியவர் யார் என்பதை அறியாமல் நம்மவர் கதை விளங்காது. அது திறந்திருக்கும் நாளை முன்னரே விசாரித்துக்கொள்க. மூன்றாம் நாள் முழுவதையும் காப்ஸ்தேர் ஊருக்குக் கொடுக்க. ஷான்ஜி என்னுமிடத்துக் கோயில் அங்கேதான் உள்ளது. அவ்வூரிற் பிறந்த ஆன்ரி சிதம்பரம் என்பவர், இந்திய வழியினர்க்கு வாக்குரிமை வேண்டி 1904இல் தொடங்கிய வழக்கை விடாது நடத்தி 1923இல் வெற்றி கண்டார். கோயிலில் படம் பிடிக்குமுன் அநுமதி கேட்க. எவரேனும் உணவருந்த அழைப்பின் மறாது செல்க. நான்காம் நாள் கரும்புக் காட்டிற்கு. ஐந்தாம் நாள் கடற்கரைக்கு. கடலையும் அவர்கள் வந்த வழியென்று எண்ணிக் காண்க.

பிரயாணத்திற்கு டிசம்பர் முதல் ஏப்ரல் வரை நல்ல காலம். ஜூன் முதல் நவம்பர் வரை புயற்காலம். தீவு 1946 முதல் பிரான்சின் ஒரு மாவட்டமாயினும், ஷெங்கன் அநுமதிச்சீட்டு மட்டும் அங்குச் செல்லப் போதாது; கடல் கடந்த பிரெஞ்சுப் பிரதேசத்திற்கும் அது செல்லுமென்ற குறிப்பு வேண்டும். பாரிசிலிருந்து விமானத்தில் எட்டு ஒன்பது மணி நேரமாகும். பிரெஞ்சில் வணக்கமும் நன்றியுமாவது கற்றுச் செல்க.

இவ்வளவு பொருட்செலவு நம்மால் ஆகாதே என்னும் மாணாக்கர்க்கும் ஒரு சொல். இப்பிரயாணம் விமான நிலையத்திற் தொடங்குவதன்று. நம் பாட்டிமாரிடம் குழம்புப் பொடியின் அளவைக் கேட்டு ஒரு தாளில் எழுதி வைக்க. வீட்டை விட்டுக் கடல் கடந்து போய்த் திரும்பாதவர் எவரேனும் உண்டோ என்று வினவுக. ஒரு நாள் புதுச்சேரிக் கடற்கரையில் நின்று கிழக்கே நோக்குக. பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் நாடோறும் போய்வரும் நாம், செங்கற்பட்டு, வடஆர்க்காட்டுக் கிராமங்களிலிருந்தும் எத்தனையோ பேர் தூரதேசத் தோட்டங்களுக்குப் போயினர் என்பதை எண்ணுவதேயில்லை.

நண்பர்கள் திருத்திய ஜாபிதாவை ஏற்றுக்கொண்டனர். அவர்கட்கு நாம் கூறி விடுத்தது இதுவே: அங்கே எவரையும் ‘தமிழ் தெரியுமா?’ என்று கேளாதீர்கள். ‘இக்குழம்பை உங்களுக்குக் கற்பித்தவர் யார்?’ என்று கேளுங்கள்.