உறங்குவோருக்கு ஒரு காவல்

தீயைக் கண்டவன் ஓடிப் பிழைக்கலாம். உறங்குகிறவன் என்ன செய்வான்?

கட்டடங்களில் நேரும் தீ விபத்துகளில் இறப்பவர் எல்லோரும் நெருப்பில் வெந்து சாவதில்லை. பலர் நெருப்பு தங்களை நெருங்கும் முன்பே புகையில் மூச்சுத் திணறி மாண்டுபோகிறார்கள். மெத்தையும் துணியும் பிளாஸ்டிக்கும் புகைந்து எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, வாசனையுமில்லை. இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின், பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் வலுவாக அந்த நச்சைப் பற்றிக்கொள்கிறது. “புகை வந்தால் மூக்கு எழுப்பிவிடாதா?” என்று கேட்பவர்கள் உண்டு. எழுப்பும் என்று நம்பியிருப்பதற்கில்லை. தூங்கும்போது மூக்கும் சேர்ந்து தூங்கிவிடுகிறது. உரத்த ஒலி கேட்டு விழித்துக்கொள்ளக் காது ஒன்றுதான் மிச்சம்.

அந்தக் காதுக்குச் சேதி சொல்லும் கருவிதான் ‘ஸ்மோக் டிடெக்டர்’ என்னும் புகை எச்சரிக்கைக் கருவி. கையகலமே உள்ள ஒரு வட்டப் பெட்டி. உள்ளே ஓர் இருட்டறை. அதில் ஓர் ஒளிக்கீற்று. புகை நுழைந்ததும் அந்த ஒளி சிதறி, பக்கத்தில் இருக்கும் ஒளியுணர் கண்ணில் படும். உடனே வீறிட்டு மணி ஒலிக்கும். பாட்டரியில் இயங்கும் சாதாரணக் கருவியின் விலை, சென்னையில் ஓர் அறைக்கு வாங்கும் ஒரு மாத வாடகையைவிடக் குறைவு.

இப்படி ஒரு காவலாளி எங்கே வேண்டும்? நடந்தவற்றைப் பார்த்தாலே விளங்கும்.

2019 பிப்ரவரி 12. டில்லி கரோல் பாக் பகுதியில் ஓர் ஓட்டல். விடிவதற்கு முன் தீப்பிடித்தது. 17 பேர் மாண்டனர். 2011 டிசம்பர் 9. கொல்கத்தாவில் ஒரு தனியார் மருத்துவமனை. அடித்தளத்தில் பற்றிய தீயின் புகை மேல்மாடிகளுக்கு ஏறி, படுத்த படுக்கையாய்க் கிடந்த சுமார் 90 பேரின் உயிரைக் குடித்தது. 2024 செப்டம்பர் 12. மதுரையில் ஒரு தனியார் மகளிர் விடுதி. குளிர்சாதனப் பெட்டி வெடித்து அதிகாலையில் தீப்பற்றியதில் இரண்டு பெண்கள் இறந்தார்கள். ஊர்கள் வேறு, கட்டடங்கள் வேறு. ஆனால் இரவு ஒன்று. பிறர் கட்டடத்தை நம்பிக் கண்ணயர்ந்தவர்கள் என்ற நிலையும் ஒன்று.

சட்டம் என்ன சொல்கிறது? 2016-ம் ஆண்டின் தேசியக் கட்டட விதித் தொகுப்பு, உயரமான கட்டடங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் பெரிய ஓட்டல்களுக்கும் தீ அறியும் ஏற்பாடுகளை விரிவாகவே வகுத்துள்ளது. ஆனால் சந்துக்குள் இருக்கும் சிறிய வாடகை வீட்டுக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. தமிழ்நாட்டில் 2019-ல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், வாடகை, முன்பணம், பழுதுபார்த்தல் எல்லாவற்றையும் பேசுகிறது. புகைக் கருவியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

இங்கிலாந்தில் இந்தக் குறையைச் சில வரிகளில் தீர்த்துவிட்டார்கள். 2015 அக்டோபர் 1 முதல் அங்கே வாடகைக்கு விடும் வீட்டில், மக்கள் வசிக்கும் ஒவ்வொரு மாடிக்கும் குறைந்தது ஒரு புகைக் கருவி இருக்க வேண்டும். புதுக் குடித்தனம் தொடங்கும் நாளன்று அது ஒலிக்கிறதா என்று பார்ப்பதும் வீட்டுக்காரர் பொறுப்பு. உள்ளாட்சி மன்றம் எச்சரித்த பிறகும் செய்யாதவருக்கு 5,000 பவுன் வரை அபராதம். 2022 அக்டோபர் முதல் சமூகக் குடியிருப்புகளுக்கும் இதே விதி.

“வேண்டுமானால் குடியிருப்பவரே வாங்கி மாட்டிக்கொள்ளட்டுமே” என்று சிலர் சொல்லலாம். காலண்டர் மாட்ட ஓர் ஆணி அடிப்பதற்கே வீட்டுக்காரரின் முகத்தைப் பார்க்க வேண்டிய நிலையில் இருப்பவர், கூரையைத் துளைத்துக் கருவி மாட்டத் துணிவாரா? இன்று வந்து நாளை போகிறவர் குடியிருப்பவர். நிலையாக இருப்பது கட்டடம். கட்டடத்தின் காவலுக்குக் கட்டடத்துக்காரரே பொறுப்பேற்பதுதான் நியாயம்.

“தாளித்தால் கத்தும், சாம்பிராணி போட்டால் கத்தும்” என்பது இன்னொரு ஆட்சேபம். இதில் உண்மை இல்லாமலில்லை. அதனால்தான் அடுக்களையில் புகைக் கருவிக்குப் பதில், வெப்பத்தை அறியும் கருவியை வைக்கிறார்கள். படுக்கையறைப் பக்கமும் நடைவழியிலும் மாடிப்படி முகப்பிலும்தான் புகைக் கருவிக்கு இடம். தொந்தரவு பொறுக்காமல் பாட்டரியைக் கழற்றி வைப்பது, குரைக்கிறது என்று காவல் நாயின் வாயைக் கட்டுவதற்குச் சமம்.

கடைகளின் கதை தனி. 2017 மே 31 அன்று சென்னை தியாகராய நகரில் ஏழு மாடித் துணிக்கடையில் தீ மூண்டது அதிகாலையில்தான். வாடிக்கையாளர் கூட்டம் இல்லாத நேரம் என்பது பெரிய அதிர்ஷ்டம். ஆனால் வேலை செய்யும் கடையிலேயே பாய் விரித்துப் படுக்கும் பையன்கள் எத்தனை ஊரில் இல்லை? வெளியே ஷட்டரைப் பூட்டிவிட்டு முதலாளி வீட்டுக்குப் போகிறார். அப்படிப்பட்ட இடத்தில் மணி மட்டும் ஒலித்துப் பயனில்லை. உள்ளிருந்தே திறக்கும் வழியும் இருந்தாக வேண்டும்.

அரசாங்கம் செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. வாடகைச் சட்டத்தில் ஒரு விதி சேர்க்கலாம். மேன்ஷன்கள், மகளிர் விடுதிகள், ஆட்கள் இரவில் தங்கும் கடைகள் ஆகியவற்றுக்கு, ஒலிக்கும் கருவி இல்லையேல் உரிமம் இல்லை என்று அறிவிக்கலாம். ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம் கொண்டாடப்படுகிறது. துண்டுப் பிரசுரம் கொடுப்பதோடு நில்லாமல், அந்த ஒரு வாரத்தில் விடுதி விடுதியாகச் சென்று கருவியின் பொத்தானை அழுத்திப் பார்த்தாலே போதும். ஏட்டில் இருக்கும் காவல் எது, கூரையில் இருக்கும் காவல் எது என்பது வெட்டவெளிச்சமாகிவிடும்.

2004-ல் கும்பகோணத்தில் 94 குழந்தைகள் கருகிய பிறகுதான் பள்ளிக்கூடக் கீற்றுக் கூரைகள் இறங்கின. விதி வருவதற்கு விலையாக உயிர் கேட்கும் வழக்கம் இனியும் தொடரலாகாது. சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் வீட்டுக்காரர்களுக்கு இல்லை. வெள்ளையடித்து, குழாயைச் சரிபார்த்து, சாவியைக் கொடுக்கும் நாளில், கூரையில் இந்தச் சிறு பெட்டியையும் மாட்டிக் கொடுத்தால், வாடகை வாங்கும் கைக்கு அது பெருமையே தவிரச் செலவல்ல.