நாலு டிஸ்க் பெட்டியும் ஒரே பிரதிதான்

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கம் பல வீடுகளில் இப்போது நாலு ஹார்ட் டிஸ்க் போடும் பெட்டி இருக்கிறது. நாங்களும் வாங்கினோம். "ரெய்ட் போட்டால் போதும் சேர், பெக்கப் எதற்கு?" என்றார் கடைக்காரர். இந்தப் பேச்சைத்தான் எதிர்க்கிறோம்.

ஒரு டிஸ்க் செத்தால் வேலை நிற்காது, ரெய்ட் தரும் காவல் அவ்வளவுதான். (ரெய்ட் 0 அதைக்கூடத் தராது.) பிள்ளை தவறி அழித்தால் அதே நொடியில் எல்லா டிஸ்க்கிலும் அழியும். வைரஸ் பூட்டினாலும் அப்படித்தான். பெட்டியின் போர்ட் எரிந்தால், டிஸ்க் நன்றாக இருந்தும் வேறு கம்பனிப் பெட்டியில் வாசிக்க முடியாமல் போகலாம். திருடன் வந்தால் பெட்டியோடு தூக்குவான்.

அரசாங்கமே பட்டது. 2023 ஓகஸ்டில் லங்கா கவர்ன்மென்ட் கிளவுட்டை ரான்சம்வெயார் தாக்கியது. பெக்கப்பும் சேர்ந்தே பூட்டப்பட்டது. சுமார் 5000 மின்னஞ்சல் முகவரிகளில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் திரும்பவேயில்லை. அமைச்சரவை அலுவலகமும் அதில் அடக்கம்.

எங்கள் பெட்டியில் மர்ஹூம் வாப்பாவின் குரல் இருக்கிறது. கூகுளின் இலவச 15 ஜிபியில் எங்கள் வீடியோக்கள் அடங்காது. ஆகவே தனி டிஸ்க் ஒன்றில் பிரதி எடுத்து, வயரைக் கழற்றி, கொட்டாஞ்சேனையில் சாச்சி வீட்டு அலுமாரியில் வைத்திருக்கிறோம். சாச்சியின் டிஸ்க் எங்கள் வீட்டில். மாதம் ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு மாற்றிக்கொள்கிறோம். பெட்டிக்குக் காசு கொடுத்தவர்கள் இந்த ஒரு டிஸ்க்குக்கு மட்டும் ஏன் கணக்குப் பார்க்கிறீர்கள்?