செல்போனைப் பிடுங்கினால் கவனம் வந்துவிடுமா?

"ஆபீஸ் நேரத்தில் செல்போனை நோண்டிக் கொண்டிருக்கிறார்கள்" என்பது அரசு ஊழியர்களைப் பற்றி நம்மூரில் பழகிப்போன புலம்பல். 2022 மார்ச்சில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையும் இதில் இறங்கியது. திருச்சியில் சுகாதாரத் துறை ஊழியர் ஒருவர், சக ஊழியர்களை அலுவலகத்திலேயே செல்போனில் படம் பிடித்ததாகப் புகார், சஸ்பெண்ட், அதை எதிர்த்து வழக்கு. விசாரித்த நீதிபதி எஸ்.எம்.சுப்பிரமணியம், அலுவலக நேரத்தில் சொந்த உபயோகத்துக்கு செல்போனை அனுமதிக்கக் கூடாது, அதற்கு அரசு விதிமுறை வகுக்க வேண்டும் என்று உத்தரவிட்டார்.

நியாயம்தான். சான்றிதழுக்காகக் கால் கடுக்க நிற்கிறவர் முன்னால் உட்கார்ந்து ரீல்ஸ் பார்ப்பவரை யாராலும் ஆதரிக்க முடியாது. ஆனால் இது பாதி நோய்க்குத்தான் மருந்து. மீதிப் பாதியை ஊழியர் கையில் கொண்டு வந்து திணித்ததே அலுவலகம்தானே!

செஞ்சிக்குப் பக்கத்தில் இருக்கிற வல்லத்தை எடுத்துக் கொள்வோம். விழுப்புரம் மாவட்டத்தின் ஊராட்சி ஒன்றியங்களில் ஒன்று. இங்கேயும் சரி, மற்ற ஒன்றியங்களிலும் சரி, நூறு நாள் வேலைக்கு ஆப் வழியாகத்தான் வருகைப்பதிவு என்று 2023 ஜனவரி 1 முதல் மத்திய அரசு கட்டாயமாக்கியது. ஏரி வேலையோ, வாய்க்கால் வேலையோ, ஒரு நாளைக்கு 2 முறை எல்லோரையும் நிற்க வைத்துப் படம் எடுத்து ஏற்ற வேண்டியிருந்தது. ஏரிக்கரையில் சிக்னல் கிடைக்கவில்லையா? கிடைக்கும் இடம் வரை நடக்க வேண்டியதுதான். வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க வேண்டிய பணித்தளப் பொறுப்பாளர், சிக்னல் கோடு ஏறுகிறதா என்று பார்த்துக் கொண்டிருந்தால் யாரைக் குறை சொல்வது?

அந்தப் படங்களிலும் மோசடி நடந்தது. படத்தையே படம் பிடித்து ஏற்றுகிறார்கள் என்று 2025 ஜூலையில் ஊரக வளர்ச்சி அமைச்சகமே சுற்றறிக்கை விட்டது. தீர்வு என்ன தெரியுமா? ஊராட்சி அளவில் 100 சதவீதப் படங்களையும் சரிபார்க்க வேண்டுமாம்! ஒரு செல்போன் செய்ததைச் சரிபார்க்க ஒருவர் இன்னொரு திரை முன்னால் உட்கார வேண்டும். இதுதான் டிஜிட்டல் ஆணி பிடுங்குவது.

பள்ளிக்கூடத்தில் எமிஸ். 2023 அக்டோபரில் தொடக்கப் பள்ளி ஆசிரியர் சங்கங்களின் கூட்டமைப்பான டிட்டோஜேக் போராடியபோது, எமிஸ் பதிவு வேலையிலிருந்து ஆசிரியர்களை விடுவிக்க வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கை. பாடம் நடத்த விடுங்கள் என்று வாத்தியாரே போராட வேண்டியிருக்கிறது... அங்கன்வாடிக்குப் போனால் அங்கே 2021-ல் வந்த போஷன் டிராக்கர்.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் குளோரியா மார்க் குழு 2008-ல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டது. குறுக்கீடு வந்தவர்கள் வேலையை இன்னும் வேகமாகவே முடித்தார்கள். ஆனால் அதற்கு விலையாக மன அழுத்தமும் எரிச்சலும் ஏறியிருந்தன. பாதியில் விட்ட வேலையிலேயே மனசின் ஒரு பகுதி ஒட்டிக் கொண்டிருக்கும் என்று 2009-ல் சோஃபி லெராய் எழுதினார். வந்தது பிறந்தநாள் வாழ்த்தா, "உடனே புள்ளிவிவரம் அனுப்பவும்" என்ற உத்தரவா என்று பார்த்து மூளை சலுகை தராது. இரண்டும் குறுக்கீடுதான்.

"ஆப் இல்லாவிட்டால் போலிக் கணக்கு எழுதுவார்களே?" என்று கேட்கலாம். கணக்கு வேண்டாம் என்று யார் சொன்னது? கேட்கிற நேரத்தை ஒழுங்கு பண்ணுங்கள் என்பதுதான் விஷயம். வெள்ளம், தீ மாதிரி அவசரம் தவிர, வாட்ஸ்அப் குழுவில் உத்தரவு வருவதற்கு ஒரு நாளில் 2 நேரம் போதும். ஒருமுறை வாங்கிய விவரத்தை வேறொரு படிவத்தில் மறுபடி கேட்கக் கூடாது. வகுப்பு நேரத்திலும், மக்கள் மனுவோடு நிற்கிற நேரத்திலும் குழு வாயை மூடிக் கொள்ள வேண்டும். இதற்கு ஒரு பைசா செலவில்லை.

ஊழியரின் போனுக்கு விதி போட முடிந்த அரசால், அந்தப் போனுக்கு மெசேஜ் அனுப்புகிற மேலதிகாரிக்கு விதி போட முடியாதா?

அடுத்த முறை அலுவலகத்தில் குனிந்த தலையைப் பார்த்தால் உடனே திட்டாதீர்கள் நண்பர்களே. ரீல்ஸா, ரிப்போர்ட்டா என்று கேளுங்கள். ரீல்ஸ் என்றால் தாராளமாகத் திட்டலாம். ரிப்போர்ட் என்றால், திட்டு வாங்க வேண்டியவர் மாடியில் இருக்கிறார்!