தெரிந்துகொண்டது எதற்கு?

“யூதர்கள் தங்களைத் தெரிந்துகொள்ளப்பட்ட ஜனம் என்கிறார்களே, அது பிறவிப் பெருமைதான், மற்றவர்களைக் கடவுள் தள்ளிவிட்டார் என்பதுதான் அவர்கள் வேதம்.” நன்றாகப் படித்தவர்களே இப்படிப் பேசக் கேட்டு வருந்தியிருக்கிறேன். அந்த வேதத்தைத் திறந்தால் இந்தப் பேச்சு நிற்காது.

பெருமையா? உபாகமம் 7-ஆம் அதிகாரத்தில் மோசே சொல்வது வேறு. நீங்கள் பெருங்கூட்டம் என்பதற்காகக் கர்த்தர் உங்களைத் தேடி வரவில்லை. எல்லா ஜனங்களிலும் சிறியவர்கள் நீங்கள்தான். அவர் அன்பு வைத்தார், முன்னோருக்கு இட்ட ஆணையைக் காத்தார், அவ்வளவே. 9-ஆம் அதிகாரம் இன்னும் கடுமை: இந்த நாடு உங்கள் நீதிக்குக் கிடைத்த பரிசல்ல, நீங்கள் வணங்காக் கழுத்துள்ளவர்கள்.

சலுகையா? கி.மு. 8-ஆம் நூற்றாண்டில் தெக்கோவா ஊர் மேய்ப்பன் ஆமோஸ் கேட்ட கடவுளின் குரல் வேறு மாதிரி: பூமியின் வம்சங்களில் உங்களை மட்டும் அறிந்துகொண்டேன், ஆகையால் உங்கள் அக்கிரமங்களுக்கெல்லாம் உங்களைத் தண்டிப்பேன். அந்த ‘ஆகையால்’ என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. ஏழையை ஒரு ஜோடி செருப்புக்கு விற்றவர்களைப் பார்த்துச் சொன்னது அது. அதே ஆமோஸ் மூலம் கடவுள் பிறகு கேட்கிறார்: எனக்கு நீங்களும் கூஷ் தேசத்தாரும் ஒன்றல்லவா? உங்களை எகிப்திலிருந்து கொண்டுவந்த நான் பெலிஸ்தரைக் கப்தோரிலிருந்து கொண்டுவரவில்லையா? பெலிஸ்தர் இஸ்ரவேலின் பரம எதிரிகள்! மற்றவர்களைக் கடவுள் தள்ளிவிட்டார் என்பவர்கள் இந்த இடத்தைப் படித்ததில்லை.

பிறப்பா? தாவீது ராஜாவின் கொள்ளுப்பாட்டி ரூத், மோவாபியப் பெண். மதம் மாறி வந்த ஒபதியா என்பவர், ‘எங்கள் பிதாக்களின் தேவன்’ என்று நான் ஜெபிக்கலாமா என்று கேட்டபோது, 12-ஆம் நூற்றாண்டின் பேரறிஞர் மைமோனிதீஸ் தயங்காமல் ஆம் என்று எழுதினார். ஆபிரகாம் உனக்கும் தகப்பன் என்றார்.

இடைக்கால யூதக் கவிஞர் யூதா ஹலேவி போன்றோர் பிறப்பிலேயே ஒரு தனிச்சிறப்பு உண்டு என்று எழுதியதும் உண்மை. மறுபுறம், 1945-இல் ரபி மொர்தெகாய் கப்லான் தம் ஜெபப் புத்தகத்திலிருந்து தெரிந்துகொள்ளுதலையே எடுத்துவிட்டார். வைதீக ரபிகள் அவரை விலக்கிவைத்தார்கள். மரபுக்குள்ளேயே இத்தனை சண்டை இருக்க, ஒரே வரியில் தீர்ப்பெழுதுவது அநியாயம்.

ஜெபஆலயத்தில் தோரா என்னும் வேதச்சுருளின் வாசிப்புக்கு அழைக்கப்பட்டவர், சால்வைக் குஞ்சத்தால் தோல்சுருளைத் தொட்டு முத்தமிடுகிறார். எங்களைத் தெரிந்துகொண்டு தோராவைத் தந்தவரே என்று ஒரே மூச்சில் ஸ்தோத்திரம் சொல்கிறார். அன்றைய பகுதி உபாகமம் 9 என்றால், சொன்ன வாய் மூடுமுன், தன் முன்னோர் வார்த்து வணங்கிய பொன் கன்றுக்குட்டியின் கதையை நின்றபடி கேட்கவேண்டும்.